மஃரிபுக்குப் பின் மேற்கு வானில் ஒரு வால்மீன்



பிறை பார்ப்பதற்காக மஃரிப் தொழுகைக்குப் பின் மொட்டை மாடியில் நின்று மேற்கு வானைத் துழாவுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. 2024 அக்டோபரில் அதே நேரத்தில், அதே வானில் ஒரு வால்மீன் தென்பட்டது. சீனாவின் சுச்சின்ஷான் வானாய்வகமும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023இல் கண்டறிந்தது அது. செப்டம்பர் 27 அன்று சூரியனை நெருங்கிச் சுற்றித் திரும்பிய அது, அக்டோபர் 12 அன்று பூமியிலிருந்து ஏறத்தாழ ஏழு கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது.

வால் நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது, ஊருக்குக் கேடு என்ற பேச்சு நம்மவரிடையேயும் புழங்கியதுண்டு. 1910 மே மாதம் ஹேலி வால்மீன் வானிலிருந்தபோது ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தார். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டனர். அண்ணலாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) அவர்கள் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டபோதும் மக்கள் அப்படித்தான் பேசினார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். சொந்த மகனை இழந்த துயரத்திலும் அந்தப் பேச்சை அவர்கள் அனுமதிக்கவில்லை! கிரகணத்திற்குச் சொன்னது வால்மீனுக்குப் பொருந்தாதா?

வால்மீன் என்பது பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகும்போது தூசியும் உடன் வெளியேறுகிறது. சூரிய ஒளியும் சூரியக் காற்றும் அவற்றைத் தள்ளுவதால் வால் பெரும்பாலும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்கிறது. எனவே மாலை வானில் அது மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். எரிகல்லைப் போல் பாய்ந்தோடாமல், விண்மீன்களோடு மெதுவாக இறங்கி மறையும்.

மாமல்லபுரம் கடற்கரை கிழக்கு நோக்கியது. செப்டம்பர் இறுதியில் ஃபஜ்ரு வேளையில் கடலுக்கு மேலிருந்த அவ்வால்மீன், அக்டோபர் நடுவில் மாலைக்கு மாறியது. அப்போது கடலுக்கு முதுகு காட்டி, செங்கல்பட்டுப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். கிப்லா தெரிந்தவருக்குத் திசை எளிது. அதற்கு இடப்புறம் சுமார் இருபது பாகை, அதாவது கையை நீட்டி இரு முஷ்டிகளை அடுத்தடுத்து வைத்த அகலம். மேலும் இடப்புறமாகத் தாழ்வில் வெள்ளிக் கோள் மின்னியது.

வால்மீனுக்கு விலையுயர்ந்த தொலைநோக்கியைவிடப் பைனாகுலரே பெரும்பாலும் ஏற்றது. வானின் அகன்ற பகுதியை அது ஒருசேரக் காட்டும். 10×50 என்று பொறித்திருந்தால் உருப்பெருக்கம் பத்து மடங்கு, முன்வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர். முதலில் ஒரு விண்மீனைப் புள்ளியாகத் தெளிவுபடுத்திக்கொண்டு, முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, மெல்ல நகர்த்த வேண்டும். செல்பேசியில் சுற்றும் படங்களின் பளபளப்பை எதிர்பார்க்கக் கூடாது. அவை நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. கண்ணுக்குத் தெரிவது புகைபோன்ற கீற்றுதான்.

ஒன்றில் மட்டும் பெற்றோர் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். சூரியனின் விளிம்பு சிறிதளவு எஞ்சியிருந்தாலும் பைனாகுலர் வழியே அதைக் காண்பது பார்வையைப் பறித்துவிடும். மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை பிள்ளைகளின் கையில் அதைத் தரவே கூடாது.

அந்த அக்டோபரில் நம் மாவட்டத்தாருக்கு வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. 15ஆம் தேதியையொட்டிப் பெருமழை, 17ஆம் தேதி முழுநிலவு. மேகம் விலகிய மாலைகளில் வால்மீன் நாளுக்கு நாள் உயர்ந்தது. ஒளியோ குறைந்துகொண்டே போனது. மாத இறுதியில் அதைக் காண இருண்ட வானும் பைனாகுலரும் தேவைப்பட்டன.