இசைவுமுரண் காந்தப் படிகங்களில் வெப்பக் கடத்தல்: ஒரு கலைச்சொல் ஆய்வு

பொதுவழக்குச் சொல்லொன்று அறிவியலில் புதுப்பொருள் ஏற்கும்போது மொழிபெயர்ப்பாளர் பணி அரிதாகிறது. காந்தவியலில் வழங்கும் 'ஃபிரஸ்ட்ரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் இதற்குத் தக்க சான்றாகும். பிரெஞ்சு இயற்பியலறிஞர் ஜெரார் தூலூஸ் 1977-இல் இதனைக் கலைச்சொல்லாக ஆண்டார். இதற்குத் தமிழில் 'விரக்தி' பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

சமபக்க முக்கோணத்தின் முனைதோறும் ஓர் அணுக்காந்தம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் மேலோ கீழோ நோக்கலாம். ஆனால் அண்டைக் காந்தத்திற்கு எதிராக நோக்குதல் வேண்டும். இரண்டு எதிரெதிராக அமைந்தபின், மூன்றாவது எத்திசை நோக்கினும் ஒன்றனோடு முரண்படும். இத்தகைய முக்கோண அணிக்கோவையில் தனிச்சுழி வெப்பநிலையிலும் ஒழுங்கின்மை எஞ்சும் என்பதை வானியர் 1950-இல் நிறுவினார். குவாண்டம் காந்தங்களில் இது உறையாத் 'தற்சுழற்சி நீர்மம்' ஆகலாம் என ஆண்டர்சன் 1973-இல் கருதினார்.

இந்நீர்மத்தைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று வெப்பக் கடத்தலாகும். மின்கடத்தாப் படிகத்தில் பொதுவாக வெப்பத்தைச் சுமப்பவை அணிக்கோவை அதிர்வுகள். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அவற்றின் கடத்துதிறன் ஏறத்தாழ வெப்பநிலையின் மும்மடிக்கேற்பக் குறையும். எனவே கடத்துதிறனை வெப்பநிலையால் வகுத்துவரும் ஈவு சுழியை நெருங்கும். அவ்வாறன்றி ஒரு மாறிலி எஞ்சுமாயின், காந்தத் துகள்களும் வெப்பத்தைச் சுமக்கின்றன எனக் கருத இடமுண்டு. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர் கரிம உப்பொன்றில் அதனைக் கண்டதாக அறிவித்தனர்; 2019-இல் வேறு குழுவினர் அதே பொருளில் அதனைக் காணவில்லை.

அணுக்காந்தத்தின் தற்சுழற்சி இவ்வாறு பிரிந்து இயங்கக்கூடும் என்பதைக் கணித வழியில் காட்டிய ஆய்வொன்று தமிழகத்தில் நிகழ்ந்தது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனும் உடனாய்வாளரும், கிட்டாயேவ் மாதிரியில் அது இயங்கும் ஃபெர்மியானாகவும் அசையாப் பாயங்களாகவும் பிரிவதை 2007-இல் நிறுவினர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'விரக்தி' உள்ளத்து நிலையைக் குறிப்பது, படிகத்திற்கு உள்ளமில்லை. 'தடையுற்ற காந்தம்' எனின், மின்தடை போன்ற வெப்பத்தடை எனப் படிப்போர் மயங்குவர். 'நிறைவுறா' என்பதோ வேதியியலில் 'நிறைவுறா ஹைட்ரோகார்பன்' என வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. எல்லா இணைப்புகளும் ஒருங்கே இசைய இயலாமையே இங்குக் கருத்தாதலின், 'இசைவுமுரண்' எனல் ஏற்புடைத்து. 'இசைவுமுரண் காந்தப் படிகத்தின் வெப்பக் கடத்துதிறன்' என்னும் தொடரில் முரண் காந்தத் திசைகளுக்கு உரியது என்பதும், கடத்தல் அதனால் தடைப்படுவதாகக் கூறப்படவில்லை என்பதும் மயக்கமின்றி விளங்கும்.