சிப்காட் சாலை – 14: ஐந்து மார்க்

போன வாரம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் வல்லம் வடகால் பெண்கள் விடுதி என்று சொல்லியிருந்தேன். அங்கே போய்ச் சேருவதற்குள் ஒரு கேள்வித்தாள் குறுக்கே வந்துவிட்டது.

இந்தத் தொடரில் நான் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரத்தில் செல்போன், ஒரகடத்தில் லாரியும் புல்லட்டும் தயாராகின்றன. இதே ஊர்களில் வளரும் பிள்ளைகள் என்ன ஆகப்பார்க்கிறார்கள்? பதில் வேண்டுமென்றால், மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலை, இந்தப் பக்கம் வரும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்.

ஓ.எம்.ஆர். தாளை ஹாலிலேயே கொடுத்துவிட வேண்டும். கேள்விப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரலாம். ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட் வருவதற்குள் அது மடியில் விரிந்துவிடும். ஆனால் "பதினேழாவதுக்கு என்னடா போட்ட?" என்று கேட்டுப் பயனில்லை. அவன் வினாத்தாளுக்கு ஒரு கோடு எண், இவனுடையதற்கு வேறு கோடு எண்; கேள்விகளின் வரிசை மாறிவிடும். இவனுடைய பதினேழு அவனுக்கு முப்பத்தெட்டாக இருக்கும். முதலில் கேள்வியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் விடை. பொறியியலுக்கு ஜே.இ.இ. எழுதியவர்களுக்கு இந்த வசதியும் கிடையாது. கம்ப்யூட்டரில் எழுதுவதால் கையில் தாளே இராது. வேறு ஷிப்டில் எழுதிய நண்பனுக்குக் கேள்விகளே வேறு. அங்கேயும் ஷிப்ட்தான், கவனியுங்கள்.

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை முடிந்த பிறகு நடக்கும் பேச்சு இப்படி இருக்காது. விடை தப்பானாலும் ஸ்டெப் மார்க் உண்டு. திருத்துபவர் மனிதர், இரக்கம் காட்டலாம். நீட்டில் சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. பக்கத்து சீட்டுக்காரன் விடையும் நம் விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் இருவரில் ஒருவருக்காவது ஐந்து மார்க் போச்சு.

இந்த ஐந்தைப் பிடித்துக்கொண்டதால்தான் விடுதி தள்ளிப்போனது. மொத்தம் 720. ஒரு கேள்வியை விட்டால் 716, தப்பாகப் போட்டால் 715. இடையில் 717, 718, 719 எடுக்க வழியே இல்லை. 2024-ல் ரிசல்ட் ஜூன் 14 என்று சொல்லியிருந்தார்கள்; ஜூன் 4-ஆம் தேதியே, நாடே மக்களவைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, வெளியானது. அதில் 718, 719 எடுத்தவர்கள் இருந்தார்கள்! இது நடக்காத கணக்கு என்று முதலில் கூச்சல் போட்டது பிள்ளைகள்தான். தேர்வு நேரம் குறைந்துபோன 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டோம் என்று தேசியத் தேர்வு முகமை அதன் பிறகு விளக்கம் சொன்னது. கடைசியில் அந்த மார்க் ரத்தாகி, அவர்களுக்கு மறுதேர்வும் நடந்தது.

அதே ரிசல்ட்டில் 720-க்கு 720 எடுத்தவர்கள் 67 பேர். முந்தைய வருடம் இரண்டே பேர். ஒருவர் நம் தமிழ்நாட்டு மாணவர். இந்த 67-ல் 44 பேரை ஏற்றிவிட்டது ஒரேயொரு இயற்பியல் கேள்வி. அணுவைப் பற்றிய இரண்டு கூற்றுகள் அதில் இருந்தன. அணு மின்நடுநிலை கொண்டது என்ற முதல் கூற்றில் தகராறு இல்லை. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்கே உரிய நிறமாலையை வெளியிடும் என்றது இரண்டாவது. பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. புதிய பதிப்பில் 'பெரும்பாலான தனிமங்கள்' என்று திருத்திவிட்டார்கள். யுரேனியம், ரேடியம் எல்லாம் சிதைகிறதே! புதிய புத்தகப்படி நாலாவது ஆப்ஷன். பழைய புத்தகப்படி இரண்டாவது. முகமை இரண்டுக்குமே மார்க் போட்டது. பயந்து விட்டுவிட்டவர்கள் கதி என்ன என்று வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு ஜூலை 22 அன்று டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கேட்டது: மூன்று நிபுணர்களை வைத்து மறுநாள் பகல் 12 மணிக்குள் விடை சொல்லுங்கள். நாலாவதுதான் சரி என்று பதில் வந்தது. இரண்டாவதைப் போட்டிருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து மார்க் இறங்கியது. 67-ல் கருணை மதிப்பெண் பெற்ற ஆறு பேரை ஏற்கெனவே கழித்து 61. அதில் இந்த 44 போக 17. ஜூலை 26 அன்று வந்த திருத்திய ரிசல்ட்டிலும் 17 பேர்தான். இப்படிச் சுத்தமாக டேலி ஆகிற அரசுக் கணக்கு அபூர்வம்.

ஐ.ஐ.டி. சொன்னது சரி. இயற்பியலில் ஓட்டெடுப்பு கிடையாது. ஆனால் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் கேஜ் தப்பு என்று தெரிந்தால், அதைச் சரிசெய்யும் வரை லைனையே நிறுத்துவார்கள். இங்கே பொருள் எல்லாம் கேட்டைத் தாண்டிப்போன பிறகு கேஜை மாற்றினார்கள். புதிய பதிப்பைத்தான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பழைய பதிப்பின் விடைக்கும் மார்க் போட்டதே முதல் கோணல். இந்தச் சாலையில் அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பான். ஸ்டேட் போர்டு பிள்ளை நீட்டுக்காக என்.சி.இ.ஆர்.டி.யைப் பாதி விலைக்குத்தான் வாங்குவான். பதிப்பு வருடத்தை யார் பார்க்கிறார்கள்?

கேள்வியே தப்பாக வந்த 2018-ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த வருட நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. 196 மார்க் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிழை இருந்தால் ஆங்கில மூலமே இறுதி என்பது விதி. தமிழில் எழுதிய பிள்ளை விடையை ஒப்பிடுவதற்கு முன்னால் கேள்வியையே ஒப்பிட வேண்டியிருந்தது.

வல்லம் வடகால் விடுதியைப் பற்றி எழுத இடமில்லாமல் போய்விட்டது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், 18,720 பேர் தங்கலாம். மற்றதெல்லாம் அடுத்த வாரம்.

வீட்டில் நீட் எழுதும் பிள்ளை இருந்தால் இரண்டு வேலை. கடன் வாங்கிய புத்தகத்தின் பதிப்பு வருடத்தைப் பாருங்கள். தற்காலிக ஆன்சர் கீ வந்ததும் பஸ்ஸில் தகராறான கேள்விகளை அதோடு ஒத்துப் பாருங்கள். ஆட்சேபம் சொல்லக் கேள்விக்கு 200 ரூபாய். ஜெயித்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. ஒரே சந்தேகம் பல பிள்ளைகளுக்கு இருந்தால் ஆளாளுக்குக் கட்டாதீர்கள். பணத்தைப் பங்கு போட்டு ஒருவர் பெயரில் கட்டுங்கள். கீ திருத்தப்பட்டால் அது எல்லோருக்கும் செல்லும்.