முகத்தில் கவசம், மூளையில் அபாய மணி

உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ சத்தமாகக் குறட்டை விடுகிறாரா? பகலெல்லாம் உழைத்த களைப்பு, நன்றாகத் தூங்குகிறார் என்று நாம் விட்டுவிடுகிறோம். அடுத்த முறை சற்றுக் கவனித்துக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருந்த குறட்டை திடீரென்று நிற்கிறதா? அறை நிசப்தமாகி, பத்துப் பதினைந்து வினாடிகளுக்குப் பிறகு ஒரு பெரிய செருமலோடு மீண்டும் தொடங்குகிறதா? பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அல்ல, அந்த நிசப்தத்துக்குத்தான். அந்த வினாடிகளில் அவருடைய நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை.

தூக்கத்தில் மூச்சுத்தடை என்பது இதன் பெயர். மருத்துவர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்பார்கள். நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை ஈரமான பிளாஸ்டிக் பையைப் போல ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது. மூளை அவரை ஒரு கணம் தட்டி எழுப்புகிறது. பாதை திறக்கிறது, மறுபடியும் தூக்கம். 10 வினாடி அல்லது அதற்கு மேல் நீடிக்கும் ஒவ்வொரு தடையும் கணக்கில் சேரும். மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் கடுமையான நிலை. அதாவது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. காலையில் அவரைக் கேட்டால், “நல்லாத்தான் தூங்கினேன்” என்பார். அந்தக் கண நேர விழிப்புகள் நினைவில் தங்குவதே இல்லை.

ஆனால், உடல் கணக்கு வைத்துக்கொள்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. பகலில் கண் சொக்குகிறது. லோரி ஓட்டும் அப்பாவுக்கு நெடுஞ்சாலையில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இது குண்டாக இருக்கும் பெரியவர்களுக்கு மட்டும் வருவது என்றும் நினைக்காதீர்கள். தொண்டைச் சதை பெரிதாக இருக்கும் பிள்ளைகளுக்கும் வரும்.

இதற்கு மிகவும் பயனுள்ள சிகிச்சை ஒரு சிறிய காற்றுப் பெட்டி. ‘சிபேப்’ கருவி என்கிறார்கள். அறைக் காற்றை இழுத்து, ஒரு குழாய் வழியாக மூக்கின் மேல் பொருத்திய கவசத்துக்குள் தொடர்ந்து செலுத்தும். அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதால் பாதை மூடுவதில்லை. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தினார். அந்த நோயாளிக்கு அப்போது இருந்த வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைக்கும் அறுவைசிகிச்சை. அதற்குப் பதிலாக, தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு காற்றை ஊதி, குழாயை மூக்கில் ஒட்டி, இரவு முழுவதும் பார்த்தார் சல்லிவன். மூச்சு நிற்கவில்லை. மறு ஆண்டே ஐந்து நோயாளிகளின் விவரங்களோடு ‘லேன்செட்’ மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது.

இன்றைய கருவி சத்தமில்லாதது, கைக்கு அடக்கமானது. இருந்தும் பலர் சில நாள்களிலேயே அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், “மூச்சு முட்டுகிறது” என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கவசம் இல்லாமல் தூங்கியபோது அவருடைய மூச்சு உண்மையிலேயே மணிக்கு முப்பது முறை நின்றது, அவருக்குத் தெரியவில்லை. இப்போது வேண்டிய அளவுக்குக் காற்று வருகிறது. ஆனால், மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது! பொய் சொல்கிறாரா? இல்லை. மூளை அப்படித்தான் செய்தி அனுப்புகிறது.

நம் மூளைத்தண்டு, இரத்தத்தில் கரியமில வாயு கூடுகிறதா என்று ஓயாமல் கண்காணிக்கிறது. கூடினால் அபாய மணி அடிக்கும். கவசத்தில் உள்ள சிறு துளைகள் வழியே நாம் விடும் மூச்சு வெளியேறிவிடுவதால் இங்கே கரியமில வாயு கூடுவதில்லை. மணியை அடிப்பது வேறொரு பகுதி: அமிக்டலா. முகத்தை ஏதோ மூடுகிறது, தலையில் பட்டை இறுக்குகிறது, மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்று வருகிறது. இவை போதும் அதற்கு. இதயம் படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். “பார்த்தாயா, ஏதோ ஆகிவிட்டது” என்று பயம் இன்னும் ஏறும்.

அந்த எதிர்க்காற்று எவ்வளவு என்று நீங்களே அளந்து பார்க்கலாம். உயரமான குவளையில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழலின் நுனி 10 செண்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும்படி வைத்து மெதுவாக ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கும்போது நீங்கள் கொடுப்பது 10 செ.மீ. நீர் அழுத்தம். சிபேப் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 வரையிலான அழுத்தத்தில் இயங்குகின்றன. பத்து என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அப்பாவையும் ஊதச் சொல்லுங்கள். “இவ்வளவுதானா?” என்று அவரே சொல்லக்கூடும்.

பயத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கவசத்தைப் பிடுங்கி எறிந்தால் உடனே நிம்மதி வரும். அந்த நிம்மதியே பிரச்சினை. ‘கவசம் ஆபத்து, கழற்றியதால் பிழைத்தோம்’ என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. மறுநாள் மணி இன்னும் சீக்கிரம் அடிக்கும்.

ஆகவே, பழகும் இடம் நள்ளிரவுப் படுக்கையறை அல்ல. பகலில், வரவேற்பறையில், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தொடங்கலாம். முதலில் குழாயை இணைக்காமல், பட்டையையும் மாட்டாமல், கவசத்தைக் கையால் மூக்கில் வைத்துப் பிடித்தால் போதும். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமை தன் கையில் இருப்பதை மூளை உணர வேண்டும். ஐந்து நிமிடம் என்று சொல்லிவைத்து, பயம் கிளம்புமுன் எடுத்துவிடலாம். பிறகு குழாயை இணைத்து, காற்றோடு. பிறகு பட்டையோடு. பிறகு மதியம் சாய்ந்த நிலையில் ஒரு குட்டித் தூக்கம். ஒரு படி சலித்துப்போன பிறகே அடுத்த படி. பல்லுக்குக் கம்பி போட்ட உங்கள் தோழிகளைக் கேளுங்கள். முதல் வாரம் வாய் முழுக்க இரும்பு, பிறகு அது இருப்பதே மறந்துவிட்டது என்பார்கள்.

கருவியும் உதவும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி பலவற்றில் உண்டு. மூக்கு காய்ந்தால் ஈரப்பதமூட்டி இருக்கிறது. முகத்தை மூடுவதே பிடிக்காதவர்களுக்கு மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சிறிய கவசம் கிடைக்கிறது. “நடு இரவில் மின்சாரம் போனால்?” என்று கேட்பார்கள். வாயையும் சேர்த்து மூடும் கவசங்களில், காற்று நின்றால் தானே திறக்கும் தடுக்கிதழ் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஆனால், அழுத்தத்தின் அளவை நீங்களோ அப்பாவோ மாற்றக்கூடாது. அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். பதற்றம் குறையவே இல்லை என்றாலும் அவரிடம் சொல்ல வேண்டியதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

‘யானைத் தும்பிக்கை’ என்று தம்பி கிண்டல் செய்வான். அப்பாவும் சேர்ந்து சிரித்தால் சரி. அவர் முகம் சுருங்கினால் அன்றிரவு கவசம் அலமாரிக்குப் போய்விடும். அதைவிட, காலையில் அவரோடு சேர்ந்து கருவியின் திரையைப் பாருங்கள். எத்தனை மணி நேரம் அணிந்திருந்தார், மணிக்கு எத்தனை தடைகள் என்று பல கருவிகள் காட்டும். முதல் வாரம் அணிந்த நேரம் நாற்பது நிமிடம் என்று இருந்தாலும் பரவாயில்லை. முப்பதாக இருந்த தடைகள், கவசம் அணிந்த நேரத்தில் ஐந்துக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.