தொழில் மாறும் காலம் – 12: ராத்தல் கணக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் முதுகில் கூடையோடு கொழுந்து எடுக்கும் பெண்களைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். சுங்கை பாலாஸ் சரிவில் நான் நின்ற அந்தக் காலையில், நிரையின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக இரண்டு பேர் ஒரு மோட்டார் கத்தரியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து போனார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து காற்றின் வேகத்தில் பறந்து, பின்னால் இழுபட்ட நீளமான பையில் விழுந்தது. பையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆள். அவர்கள் பேசிக்கொண்டது வங்காள மொழி. இரண்டு தலைமுறைக்கு முன்னால் அதே நிரைகளில் தமிழ்தான் கேட்டிருக்கும்.

சென்ற வாரம் வங்கிகளைப் பார்த்தோம். டிஜிட்டல் மாற்றத்தைச் சமாளிக்கும் கம்பெனிகளைப் பற்றிய தொடரில் தேயிலைக் காட்டுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எனக்கு இந்த மலையைவிட நல்ல பள்ளிக்கூடம் தெரியவில்லை.

ஜே. ஏ. ரசல் என்பவர் 1929இல் இங்கே ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் விழப்போகிற நேரம். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், கொஞ்சம் ஆட்கள். காட்டை அழித்தது அவ்வளவைக் கொண்டுதான் என்பது கம்பெனி சொல்லும் கதை. பிறகு பல்லாண்டுக் காலம் கொழுந்து எடுத்தவை தமிழ்க் கைகள். அவர்களின் பிள்ளைகள் படித்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போனார்கள். போகத்தான் வேண்டும். ஆள் குறைய, விரல் இருந்த இடத்துக்குக் கைக்கத்தரி வந்தது. அதற்குப் பின் மோட்டார்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விரலுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று தெரியும். இயந்திரத்துக்குத் தெரியாது, காம்பு, முற்றல் எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். அதனால் எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டுவது, செடியின் தலையை எவ்வளவு மட்டமாக வைத்திருப்பது, ஆலையில் எப்படிச் சலித்துப் பிரிப்பது என்று பின்னால் இருந்த வேலை அத்தனையும் மாற வேண்டியதாயிற்று. வேறெதையும் தொடாமல் கத்தரியை மட்டும் வாங்கியிருந்தால் தேநீர் கெட்டிருக்கும். மென்பொருள் வாங்கிவிட்டு வேலை முறையைப் பழையபடியே வைத்திருக்கும் அலுவலகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே கெட்டுப்போவது உடனே நாக்குக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கேமரன் மலையின் காய்கறி விவசாயிகள் சந்தைக்கு அனுப்ப வழியில்லாமல் தக்காளியையும் கீரையையும் கொட்டிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். லசாடா போன்ற இணையச் சந்தைகள் அப்போதுதான் இந்த மலைக் காய்கறியை நேராக வீடுகளுக்கு விற்க முன்வந்தன. தேயிலை அப்படி ஒரே நாளில் அழுகுவதில்லை. ஆனால் தேயிலை உலகத்துக்கும் அந்த நாட்களில் ஒரு சோதனை வந்தது, கொழும்பில்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. வாங்குபவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து குரல் கொடுத்து விலை கேட்பார்கள். கணினிக்கு மாற வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசினார்கள், பேச்சோடு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேயிலை வாங்க முடியாது என்பது வியாபாரிகளின் வாதம். ஊரடங்கு வந்தது, கூடம் பூட்டப்பட்டது. தோட்டங்களில் கொழுந்து மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்திலேயே ஏலம் இணையத்தில் நடந்தது. நூற்று முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம் சில வாரங்களில் மாறியது.

இது எப்படி முடிந்தது? மாற வேண்டியது எது, மாறக் கூடாதது எது என்று பிரித்தார்கள். விலை கேட்பது திரைக்குப் போனது. ருசி பார்ப்பது போகவில்லை. மாதிரித் தேயிலை முன்போலவே வாங்குபவரின் மேசைக்கு வந்தது. அவர் கொதிநீர் ஊற்றி, உறிஞ்சி, துப்பிவிட்டுத்தான் விலை சொன்னார்.

லண்டன் ஏலத்துக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. முந்நூறு ஆண்டு நடந்த ஏலம் 1998 ஜூன் 29ஆம் தேதி முடிந்தது. தேயிலை விளையும் நாடுகளிலேயே ஏலங்கள் வளர்ந்துவிட்டன; தொலைபேசியில் நேராகப் பேசி வாங்கும் வழக்கமும் பெருகிவிட்டது. கடைசி நாளில் இலங்கையின் ஹெல்பொட தோட்டத்துத் தேயிலை 44 கிலோவை, கிலோ 555 பவுண்டுக்கு டெய்லர்ஸ் ஆஃப் ஹாரகேட் எடுத்தது. தர்மத்துக்காகக் கொடுத்த விலை அது. அத்துடன் கூடம் மூடப்பட்டது.

இனி தோட்டத்துக்குள் வருவோம். என் கவலையெல்லாம் அங்கேதான்.

என் பாட்டி கொழுந்து எடுத்தவர். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மாலையில் நிறுவை. தோட்டத்துக் கணக்கரான கிராணி தராசு முள்ளைப் பார்த்து ஓர் எண் சொல்வார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதுவார். முள் அவர் பக்கம் திரும்பியிருக்கும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். முதுகுக்கு எடையும் தெரியும். மழை நாளில் ஆறு ராத்தல் எங்கே என்று கேட்டால், “தண்ணிக்குப் போச்சு, போ” என்பதுதான் பதில். அந்த ஆறு ராத்தலைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று இலங்கையில் சில பெருந்தோட்டக் கம்பெனிகள் டிஜிட்டல் தராசுக்கு மாறியிருக்கின்றன. எடை நேராகக் கணக்கில் ஏறிவிடுகிறது. எந்தப் பாத்தியில் எவ்வளவு கொழுந்து என்று அன்று மாலையே தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியும். எங்கே உரம் போட வேண்டும், எங்கே கவாத்து தேவை என்று முடிவெடுக்கலாம். கம்பெனிக்கு இது பெரிய லாபம்தான். ஆனால் அதே எண்ணைக் கொழுந்து எடுத்தவரும் பார்க்கிறாரா? அவர் மொழியில் ஒரு சீட்டாவது கையில் கிடைக்கிறதா? கிடைத்தால் நிறுவைச் சண்டை ஓயும். நம்பிக்கை வரும். “இந்த மேட்டில் கொழுந்து ஏன் குறைகிறது என்றால்...” என்று அவரே வாய் திறப்பார். கிடைக்காவிட்டால் முள் மறுபடியும் கிராணி பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ போலப் பச்சைக் கொழுந்து வேண்டும்; அத்தனையையும் எடுக்கக் கூலி கொடுத்தாக வேண்டும். மலிவான கூலியை நம்பித் தோட்டம் நடத்தும் காலம் போய்விட்டது. நிரையில் நிற்பவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்காத கம்பெனிக்கு எந்தக் கருவியும் பாதிப் பலன்தான் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாட்டியின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள் சந்தைக்கு அழைத்துப் போனேன். மீன்காரரிடம் புதுத் தராசு. எண் அவர் பக்கமும் தெரிந்தது, எங்கள் பக்கமும் தெரிந்தது. பாட்டி குனிந்து வெகுநேரம் பார்த்தார். மீனை எடுத்துவிட்டு இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். எண் மாறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தார்.

(தொடரும்)