கரிசல் மண்ணில் ஒருநாள் உலா

சுற்றுலா என்றவுடன் நம் மாணவர் நினைவில் எழுபவை குற்றாலமும் கோடைக்கானலுமே. கோவில்பட்டியைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தைக் காணத்தக்க இடமாக எவரும் கருதுவதில்லை. 'வானம் பார்த்த பூமி' என்னும் ஒரு தொடரால் அதனை அளந்து முடித்துவிடுகிறோம். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் விடுதலைப் போராட்ட இலக்கியம் குறித்துப் பேசுகையில், காட்டிக்கொடுப்பதைக் குறிக்க வழக்கம்போல் 'எட்டப்பன் வேலை' என்றேன். மாணவர் சிரித்தனர். எட்டயபுரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் மட்டும் தலைகுனிந்திருந்தார். வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, சீறாப்புராணம் பாடியவர்களும் எங்கள் ஊரில்தானே அடங்கியிருக்கிறார்கள்" என்று மட்டும் கூறிச் சென்றார். என்னால் விடை கூற இயலவில்லை. சீறாவைப் பல்லாண்டுகள் பாடமாக நடத்திய யான், அப்புலவரின் அடக்கத்தலத்தை அதுவரை கண்டதில்லை. அடுத்து வந்த விடுமுறை நாளில் கோவில்பட்டியிலிருந்து தனியே புறப்பட்டேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க் என்றொரு நகர் உண்டு. கி.பி. 71-இல் உரோமர் கோட்டை அமைத்த அவ்வூரைப் பின்னர் வைக்கிங் இனத்தாரும் நார்மானியரும் ஆண்டனர். பயணியர் அந்நகரின் பழைய மதில்மேல் நடந்தவாறே, அடுக்கடுக்காய் அமைந்த அதன் வரலாற்றை அறிகின்றனர். அத்தகைய ஊர்கள் நம் அருகிலும் உள்ளன. பேருந்திலேயே ஒருநாளில் கண்டு திரும்பலாம்.

கழுகுமலை

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கழுகுமலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தால் தமிழுலகம் அறிந்த தலம் இது. பலர் அங்கேயே வழிபட்டுத் திரும்பிவிடுவர். மலைமேல் ஏறினால்தான் மற்றவை தெரியும்.

பாண்டியர் காலமான கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டுவான் கோயில், மலையைச் சுற்றிலும் குடைந்து, நடுவில் நின்ற ஒரே பாறையைக் கோயிலாகச் செதுக்கியது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலைப் போல மேலிருந்து கீழாகச் செதுக்கும் முறை இது. சிகரமும் சிற்பங்களும் நிறைவுற்றன, அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. மத்தளம் இசைக்கும் தட்சிணாமூர்த்தியின் வடிவம் இங்குள்ள அரிய சிற்பங்களுள் ஒன்று.

அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, இயக்கி அம்பிகை ஆகியோரையும் காணலாம். உருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றைச் செய்வித்தோர் அரசர் மட்டும் அல்லர். தச்சர், குயவர் முதலிய தொழிலாளர் பெயர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் பெயர்களும் அங்குண்டு. ஆசிரியராக விளங்கிய பெண் துறவியரை இக்கல்வெட்டுகள் நமக்குக் காட்டுகின்றன. தம் பொருட்டு மட்டுமன்றிப் பிறர் பொருட்டும் உருவம் அமைத்தோர் பலர். சமணமும் சைவமும் முருக வழிபாடும் ஒரே மலையில் தத்தம் சுவடுகளைப் பதித்துள்ளன.

எட்டயபுரம்

கோவில்பட்டிக்குத் திரும்பிக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் எட்டயபுரம். பருத்தி விளையும் கரிசற் காடுகளின் நடுவே அமைந்த இச்சிற்றூர் கலைஞர் பலரை ஆதரித்த அரசவையைக் கொண்டிருந்தது. கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் 1835-இல் இங்கு மறைந்தார். அவர்தம் சமாதி இவ்வூரில் உள்ளது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் இங்கிருந்தே வெளிவந்தது. 1882-இல் பாரதியார் பிறந்த இல்லமும், கல்கியின் முயற்சியால் எழுந்து 1947-இல் திறக்கப்பெற்ற பாரதி மணிமண்டபமும் காணத்தக்கன.

யான் நெடுநேரம் நின்றது உமறுப் புலவரின் அடக்கத்தலத்தில். அவர் இவ்வூர் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார் என்பது மரபு. வள்ளல் சீதக்காதி சீறாப்புராணம் பாடத் தூண்டினார். அவர் மறைந்தபின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5027 பாடல்களில் பாடி, அரபு மண்ணைத் தமிழ் மருதமாகவும் காட்டிய காப்பியம் அது. அப்புலவருக்கு இவ்விடத்தில் 1912-இல் நினைவிடம் அமைத்தவர் பிச்சையாக் கோனார் என்னும் தமிழன்பர். அரசவைப் புலவர் தமிழ் தந்தார்; முஸ்லிம் வள்ளல்கள் பொருள் தந்தனர்; இரு நூற்றாண்டுகள் கழித்து ஒரு கோனார் கல்லெடுத்து நினைவிடம் கட்டினார். இதனை யான் வகுப்பில் ஒருமுறையேனும் சொன்னதில்லை.

கயத்தாறு

மாலையில் கோவில்பட்டி வழியே தெற்கு நோக்கித் திருநெல்வேலிச் சாலையில் சென்றேன். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ஆகிய இருபெரும் எழுத்தாளர்களைத் தந்த இடைசெவல் இவ்வழியில்தான் உள்ளது. அதனைக் கடந்து கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று, மேஜர் பானர்மேன் ஆணைப்படி, வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம். திரையில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் நிறுவிய சிலை அங்கே நிற்கிறது.

அப்போரில் எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினியின் பக்கம் நின்றது உண்மை. இரு பாளையங்களுக்கும் இடையே முன்னரே எல்லைத் தகராறு இருந்ததும் உண்மை. அச்செயலை மறைக்கவோ நியாயப்படுத்தவோ வேண்டியதில்லை. ஆயின், கட்டபொம்மன் மறைந்து 83 ஆண்டுகளில், விடுதலையைப் பாடிய கவிஞர் பிறந்ததும் அதே எட்டயபுரத்திலன்றோ! ஓர் அரசரின் செயலை ஓர் ஊரின் பெயராக்கி, அங்குப் பிறந்த பிள்ளைகளின் தலையில் சுமத்துதல் வரலாறு ஆகாது, வசை ஆகும்.

நிறைவாக

மறுவாரம் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அம்மாணவரிடம் வருத்தம் தெரிவித்தேன். பின்பு எட்டயபுரத்தைப் பற்றிப் பேசும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். அன்று மணி அடித்த பின்னும் எவரும் எழவில்லை.

மாணவச் செல்வங்களே! கூட்டமாகச் சென்றால் பேச்சே மிகும். ஒருமுறையேனும் தனியே சென்று பாருங்கள். வெயில் ஏறுமுன் மலையேறுங்கள். குடிநீரும் குறிப்பேடும் உடன் இருக்கட்டும். கல்வெட்டுள்ள பாறையில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். முன்னோர் எழுதியதைப் படித்து வாருங்கள். பெரியோர்களே! உங்கள் பேரக்குழந்தைகளை ஒருநாள் உமறுப் புலவரின் அடக்கத்தலத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பிச்சையாக் கோனாரின் பெயரையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள்.