கல்லறைகளில் ஒரு கவுண்டி – 6: ஒருத்திக்கு இரண்டு கல்லறைகள்

இல்லினாய் மாநிலத்தின் நடுவே, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சாங்கமன் ஆற்றுச் சமவெளியில் அமைந்துள்ள மெனார்ட் கவுண்டி, 1839இல் சாங்கமன் கவுண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப் பிரிவு. நீதிமன்றமும் நிலப் பதிவேடும் அதன் தலைமை ஊரில் இருக்கும். மெனார்டின் தலைமை ஊரான பீட்டர்ஸ்பர்க்கின் மனைகளை 1836இல் அளந்தவர், அந்நாளில் துணை நில அளவையாளராக இருந்த ஆபிரகாம் லிங்கன். அவர் வாழ்ந்த நியூ சேலம் 1829இல் தோன்றி, பீட்டர்ஸ்பர்க் வளர வளரத் தேய்ந்து, 1840 அளவில் ஆளற்றுப் போனமையால், தம் ஊரின் முடிவுக்கு அவரே அளவுச் சங்கிலி பிடித்தார் எனலாம்.

முதற்குடியேறிகள் இறந்தவர்களைச் சொந்த நிலத்தின் மேட்டிலோ தேவாலயத்தின் அருகிலோ புதைத்தனர். இன்றும் வயல்களின் நடுவே கிடக்கும் ஓல்ட் கன்கார்ட் இடுகாடு அத்தகையது. நியூ சேலத்தை நிறுவியோருள் ஒருவரான ஜேம்ஸ் ரட்லெட்ஜின் மகள் ஆன், 1835 ஆகஸ்ட் 25இல் தம் 22ஆம் வயதில் காய்ச்சலால் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். லிங்கன் அவரை விரும்பினார் என்ற செய்தி, லிங்கன் கொலையுண்டதற்கு மறு ஆண்டு, 1866இல், அவருடைய சட்டத்தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் ஆற்றிய சொற்பொழிவால்தான் ஊரறிந்தது. முதியவர்களின் நினைவுகளையே பெரிதும் சார்ந்த அச்செய்தியை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ராண்டல் 1945இல் கடுமையாக ஐயுற்றார். 1990களில் வேறு சிலர் அந்நினைவுகளை மீண்டும் ஆராய்ந்து அதற்கு மதிப்பளித்தனர்.

காதல் மெய்யோ பொய்யோ, கல்லறைக்கு அதனால் விலை ஏறிவிட்டது. பீட்டர்ஸ்பர்க்கில் ஓக்லண்ட் என்னும் புதிய இடுகாடு உருவாகியிருந்தது. புதைமனைகளை விலைக்கு விற்கும் இத்தகைய இடுகாட்டுக்குப் புகழ்பெற்ற ஒருவரின் கல்லறை இருப்பது ஆதாயம். 1890இல், அதில் பொருளியல் பங்குடைய சவ அடக்கத் தொழிலர் ஒருவர் ஓல்ட் கன்கார்டில் தோண்டி, 55 ஆண்டுகள் மண் விட்டுவைத்திருந்த சொற்ப எச்சங்களை ஓக்லண்டுக்குக் கொண்டுவந்தார்.

அங்கே 1921இல் நிறுவப்பட்ட கருங்கல் நினைவுக்கல்லில் இருப்பது, பீட்டர்ஸ்பர்க்கிலும் லூயிஸ்டவுனிலும் வளர்ந்த வழக்கறிஞர்-கவிஞர் எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915இல் வெளியிட்ட ‘ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி’யின் ஒரு கவிதை. இறந்தோர் தம் கல்லறையிலிருந்து தாமே பேசுவதாக அமைந்த தொகுப்பு அது. கல்லில் ஆன் பேசும் சொற்கள் அவர் இறந்து 80 ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் எழுதியவை. கல்லறை வாசகத்தை 1835க்கான சான்றாகப் படிப்பவர் இங்கே ஏமாறுவார். 1921இல் ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன நம்ப விரும்பியது என்பதற்கு அதைவிடத் தெளிந்த ஆவணம் கிடைப்பது அரிது.

அவ்வூரின் நம்பிக்கையைக் கவிஞரே முழுதும் பகிர்ந்துகொள்ளவில்லை என்பது வேடிக்கை. 1931இல் மாஸ்டர்ஸ் எழுதிய லிங்கன் வரலாறு, அவரைக் கடுமையாகச் சாடி நாடெங்கும் சினத்தைக் கிளப்பிற்று. ஆயினும் 1950இல் இறந்தபோது அவரும் அதே ஓக்லண்டில்தான் அடக்கமானார். ஓல்ட் கன்கார்டிலோ, வெறுமையான பழைய குழியின் இடத்தில், ஆனின் முதற்கல்லறை இதுவே என அறிவிக்கும் மற்றொரு கல் பிற்காலத்தில் நடப்பட்டுள்ளது.

(தொடரும்)