பழைய செயலியை அழிக்கும் முன்

யானையைச் சின்னமாகக் கொண்ட எவர்நோட் செயலியை வாங்கப்போவதாக இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனம் 2022 நவம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு விழுந்தது. அதற்கு மேல் ஏற்கெனவே எழுதி வைத்தவற்றைப் பார்க்கலாம், திருத்தலாம், வெளியே எடுக்கலாம். புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. வாசலை அடைக்காதவரை நல்லதுதான். ஆனால் பல ஆண்டுச் சேமிப்போடு வேறு செயலிக்குக் கிளம்பியவர்களுக்குச் சிக்கல் வழியில் காத்திருந்தது.

எவர்நோட்டிலிருந்து குறிப்புகள் 'எனெக்ஸ்' என்ற வகைக் கோப்பாக வெளிவரும். எழுத்து, படம், டேக், தேதி எல்லாம் அதில் இருக்கும். எந்த நோட்டுப்புத்தகத்தைச் சேர்ந்தது என்ற விவரம் இருக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து எடுத்தால், வீட்டுக் கணக்கும் மருந்துச் சீட்டும் சமையல் குறிப்பும் ஒரே குவியலாக வந்து சேரும். ஒவ்வொரு நோட்டுப்புத்தகத்தையும் தனித்தனியே, அதன் பெயரிலேயே எடுப்பதுதான் வழி. ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்த இணைப்புகள் பெரும்பாலும் அறுந்துபோகும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய வரிகளை முதலில் திறந்துவிட வேண்டும். பூட்டோடு போனால் புதிய செயலியால் அவற்றைப் படிக்க முடியாமல் போகலாம்.

எவர்நோட்டுக்குப் பதில் கூகுள் கீப்பில் எழுதுபவர்கள், தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ள கூகுளின் 'டேக்அவுட்' வசதி உண்டு.

பலரும் ஏமாறுவது சிங்க் விஷயத்தில். சிங்க் என்பது பேக்கப் அல்ல. கைபேசியில் தவறுதலாக அழித்த குறிப்பு கணினியிலும் சேர்ந்தே அழியும். கீப்பின் குப்பைத்தொட்டியில் அது 7 நாள்தான் தங்கும். ஆகவே எடுத்த கோப்பின் ஒரு பிரதி பென் டிரைவிலோ வேறு கணினியிலோ தனியாக இருக்க வேண்டும். மாற்றிய பிறகு எண்ணிக்கை சரியா என்று பார்த்தால் போதாது. படம் உள்ளது, பிடிஎஃப் இணைத்தது, ஒலிப்பதிவு உள்ளது, மிக நீளமானது என வகைக்கு ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் புதிய செயலியில் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடப்பிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதியின் 20ஆவது பிரிவு, ஒருவர் தந்த தரவைக் கணினி படிக்கும் வடிவில் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. இந்தியாவின் 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் இந்த உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் காணாமல் போனது. விவரம் கேட்கவும், திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் உரிமை எழுதப்பட்டுள்ளது. கையோடு எடுத்துப்போகும் உரிமைக்கு மட்டும் இடமில்லை. இது பெரிய ஓட்டை.

சந்தா கட்டியவருக்கு நுகர்வோர் சட்டம் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ரசீதையும் மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். புகார் முடியும்வரை பழைய கணக்கை அழித்துவிடாதீர்கள்.